பட்டாணி அளவுச் சுரப்பியும் எங்கள் வீட்டுச் சந்தேகமும்

முதலில் அதைப் பார்த்தவள் நான் இல்லை. தங்கச்சிமடத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேகவைத்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைத் தனியே எடுத்துத் தட்டில் சேர்க்க வேண்டும். எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் வேலை. ஒருநாள் எதிரே இருந்த பெண் என் பக்கமாகக் குனிந்து, "ராணி, ஜாக்கெட் நனைஞ்சிருக்கு பாரு" என்று மெதுவாகச் சொன்னாள். ஐஸ் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தால், பால்.

என் மகள் ஜோஸ்லின் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் தாய்ப்பால் மறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வேறு குழந்தை இல்லை. என் கணவர் ஜெபஸ்டின் மீன்பிடி வேலைக்கு பஹ்ரைன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு மாதவிலக்கும் சில மாதங்களாக நின்றிருந்தது. நாள் முழுக்க ஐஸில் கை வைப்பதால் உடம்பு குளிர்ந்துபோயிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். அடிக்கடி வந்த தலைவலிக்கும் அதே காரணம்தான். இதையெல்லாம் இப்படி வெளிப்படையாக எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல இன்னொருத்தி இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவளுக்கு இது உதவட்டும்.

நான் மறைத்தேன். துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். அந்தத் துணிதான் மாமியின் கையில் சிக்கியது. மாமி என்றால் என் மாமியார். கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தவர் அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"யாரு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "யாரு மாமி?" என்று நானும் கேட்டேன்.

"அதத்தான் நான் கேக்குறேன்."

அன்று முதல் வீட்டில் யாரும் என்னிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கம்பெனிக்குக் கிளம்பினால் மாமியும் ஏதாவது சாக்கில் தெருமுனை வரை வருவார். நாத்தனார் டெய்சி மட்டும்தான், "மதினி, இது ஏதோ நோவு மாதிரி இருக்கு. வாங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். டெய்சி ராமேஸ்வரத்தில் ஒரு சங்குக் கடையில் வேலை பார்த்தாள். அவள் லீவு போட்டு என்னை ராமநாதபுரம் கூட்டிப் போனாள். அங்கே முதலில் சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். கர்ப்பம் இல்லை என்று வந்தது.

வீட்டுக்கு வந்து டெய்சி அதைச் சொன்னதும் மாமி, "இப்ப இல்லைன்னா முன்னாடி இருந்திருக்கும். கலைச்சாலும் பால் வரும்" என்றார். மறுநாள் பஹ்ரைனிலிருந்து போன் வந்தது. "உண்மையச் சொல்லு ராணி. நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றார் ஜெபஸ்டின். ஒன்றும் செய்யமாட்டேன் என்று ஒரு மனிதர் சொன்னால், என்ன செய்யலாம் என்று அதற்கு முன்னால் யோசித்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவதாக எடுத்த ரத்தச் சோதனையில்தான் விஷயம் தெரிந்தது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் எனக்கு அளவுக்கு மீறி இருந்தது. உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கான மருத்துவர் ஒரு பெண். நிதானமாகப் பேசுவார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூக்குத்தண்டுக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. உடம்பின் பல ஹார்மோன்களுக்கு அங்கேயிருந்துதான் உத்தரவு போகிறது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும் செய்தி. பால் சுரக்கச் சொல்லும் செய்திதான் புரோலாக்டின். பிள்ளை பெற்றவளுக்கு அது ஏறும். மற்ற நேரங்களில் மூளை அதை ஏறவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. அடக்கி வைக்க மூளை அனுப்பும் பொருளுக்கு டோபமைன் என்று பெயர்.

"உங்களுக்கு அந்தச் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கும்மா. அது டோபமைன் சொல்றத கேக்காம புரோலாக்டினைக் கொட்டுது. அதனாலதான் பால் வருது, பீரியட்ஸும் நின்னுருச்சு. டோபமைன் மாதிரியே வேலை செய்யற மாத்திரை தர்றேன். வீக்கம் வத்திரும்" என்றார்.

'வீங்கியிருக்கும்மா' என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, டெய்சியைப் பார்த்தார். அங்கே எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் டெய்சியின் கையில்தான் இருந்தது. என்னை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு அவள் மட்டும் மருத்துவர் அறைக்குள் போய் வந்ததை நான் பார்த்திருந்தேன். கேட்டதற்கு, "பேர் பதியப் போனேன் மதினி" என்றாள். அப்போது நான் மாத்திரை எதுவும் விழுங்கியிருக்கவில்லை. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையின் பெயர் கேபர்கோலின். பார்த்தால் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போடச் சொன்னார்கள். கொஞ்ச நாளிலேயே பால் குறைந்தது. தலைவலியும் விட்டது. ஜெபஸ்டின் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். பஹ்ரைனிலிருந்து யாராவது சும்மா வருவார்களா?

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். எந்த நாளில் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. முதலில் சத்தங்கள் மாறின. மாமி சமையலறையில் கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டுவார். எப்போதும் தட்டுவதுதான். ஆனால் அது யாருக்கோ கொடுக்கும் சைகையாகக் கேட்டது. மாமி தட்டியதும் டெய்சி இருமினாள். டெய்சி இருமியதும் ஜெபஸ்டின் எழுந்து வெளியே போனார். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெளிவு பரவியது. பயம்கூட அப்புறம்தான் வந்தது. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்ற தெளிவுதான் முதலில்.

ஆட்கள் மறைந்து நிற்கத் தொடங்கினார்கள். நடந்து போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பக்கத்தில் ஒரு முகம் முளைக்கும். அதுவரை அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு வருகிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? டெய்சி கொல்லையில் நின்று ரகசியமாகப் போன் பேசினாள். நான் போனதும் வைத்துவிட்டாள். ஒருநாள், "அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

குழம்பில் ஏதோ கலக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். டெய்சிதான் கலக்கிறாள், மாமி சொல்லித்தான் செய்கிறாள், நான் செத்ததும் ஜோஸ்லினை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். யோசித்துச் சேர்ந்த முடிவு மாதிரியே இல்லை. என் பெயர் எனக்குத் தெரிகிற மாதிரி அதுவும் தெரிந்தது. நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்த மாமி, "இது வைத்தியத்துக்கு அடங்காது, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிக்கணும்" என்றார். அதைக் கேட்ட பிறகு இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

காலையில் ஜோஸ்லினுக்குப் பள்ளிச் சீருடை போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினேன். உப்பூரில் என் அண்ணன் இருக்கிறார். அங்கே போய்விடலாம் என்று திட்டம். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜோஸ்லின் பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். டெய்சி காலையில் கட்டிக் கொடுத்த புட்டும் வாழைப்பழமும். அதை அவள் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியாகக் கடலை நோக்கி எறிந்தேன். டப்பா கைப்பிடிச் சுவரில் பட்டுத் தெறித்தது. ஜோஸ்லின் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவளுக்கு நல்ல பசி. கடைக்காரர்கள் எல்லோரும் எங்களையே எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. இட்லி வாங்க முடியாது, டீ வாங்க முடியாது. தோல் உரிக்காத பழத்தில் யாரும் எதையும் கலக்க முடியாது என்று யோசித்து இரண்டு பழம் வாங்கினேன். ஒன்றின் தோலில் கறுப்பாக ஒரு புள்ளி. ஊசி குத்திய இடம். தூக்கிப் போட்டேன். இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோஸ்லின் என் சேலையை இழுத்தாள். "அம்மா, அந்தா அந்தச் செவப்புச் சட்டை மாமா நம்மளயே பார்க்குறாரு" என்று ரகசியமாகச் சொன்னாள். அப்புறம், "நீ மொதல்ல கொஞ்சம் சாப்பிடும்மா. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் சாப்பிடுறேன்" என்றாள்.

சிவப்புச் சட்டைக்காரர் எங்களைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய சந்தேகம் பொய் என்று தெரிந்தது, என்னுடையது மட்டும் உண்மை. ஆனாலும் எங்கேயோ ஒரு இடத்தில் எனக்குத் துணுக்கென்றது. இது எப்போதிலிருந்து என்று முதல் தடவையாக யோசித்தேன். யோசித்ததில் மாத்திரையில் வந்து நின்றேன். கடைசியில் பிடிபட்டுவிட்டது, அந்த மாத்திரையில்தான் எல்லாம் இருக்கிறது! அந்த டாக்டரும் இவர்களோடு சேர்த்தி. உப்பூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் அதில் ஏறாமல் மதுரை பஸ்ஸில் ஏறினேன். அந்த அம்மாவை நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவமனையில் டோக்கன் போடாமல் அறைக்குள் போனேன். நர்ஸ் தடுத்தார். மருத்துவர், "விடுங்க" என்றார். நான் மாத்திரை அட்டையை அவர் மேஜையில் எறிந்து, "இதுல என்ன வச்சுக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் நான் அங்கிருந்து ஓடியிருப்பேன். ஜோஸ்லினை உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன செய்யுது சொல்லுங்க" என்றார். கரண்டி, இருமல், பழத்தின் புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு தடவைகூட, அப்படியெல்லாம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"இதப் போட ஆரம்பிச்ச பிறகுதான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொல்றதுல பாதி சரிதான் ராணி. இந்த மாத்திரை உங்கள ஏதோ செய்யுதுன்னு சொல்றீங்களே, அது சரி. இப்படி வரலாம்னு ஆரம்பத்துலயே நான் சொல்லியிருக்கணும். ரொம்ப அபூர்வம்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

மீதிப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை. பாதி சரி என்று ஒருவர் சொன்னதே போதுமாக இருந்தது. அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நர்ஸ் ஜோஸ்லினுக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. தகவல் போய் இரவில் டெய்சியும் ஜெபஸ்டினும் வந்து சேர்ந்தார்கள்.

கேபர்கோலினை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவர் ஒருவர் வேறு மாத்திரை கொடுத்தார். அதை ஒவ்வொரு வேளையும் நாக்குக்கு அடியில் ஒளித்துவைக்கப் பார்த்தேன். நர்ஸுக்கு அந்த வித்தையெல்லாம் பழக்கம். "வாயத் திறங்க" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தங்கள் வெறும் சத்தங்களாகின. வார்டில் ஒருவர் இருமினார், அது இருமலாகவே கேட்டது. தெளிவு போய்விட்டதே என்று உள்ளுக்குள் ஒரு நஷ்டம் மாதிரிகூட இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தெளிந்த பிறகு அந்தப் பெண் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். "நரம்பு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அதத் தாண்டிச் செய்தி கொண்டுபோக மூளை சில ரசாயனங்களை வச்சிருக்கு. டோபமைன் அதுல ஒண்ணு. ஒரே பொருள்தான், ஆனா இடத்துக்கு ஒரு வேலை பார்க்கும். பிட்யூட்டரியில பாலை அடக்கும். மூளையில வேற இடத்துல, 'இது முக்கியம், இதக் கவனி'ன்னு சொல்லும். நான் கொடுத்த மாத்திரை அங்கயும் போய் வேலை செஞ்சிருக்கு. கவனிக்க வேண்டாததையெல்லாம் கவனின்னு சொல்லியிருக்கு. கரண்டிச் சத்தம் முக்கியமாப் பட்டா, ஏன் முக்கியம்னு மனசு ஒரு காரணம் தேடும்ல? உங்க வீட்டுல காரணத்துக்குப் பஞ்சமில்லை."

"ஆளுக திடீர்னு பக்கத்துல வந்து நின்னாங்களே டாக்டர், அது?"

அதற்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் வந்த புள்ளிகள் தெரிந்தன. இரண்டு ஓரத்திலும் வந்தவை எனக்குத் தெரியவே இல்லை. பக்கவாட்டுப் பார்வை போயிருந்தது. யாரும் ஒளிந்து வரவில்லை, நடந்து வந்தவர்களை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"வெறும் வீக்கம் பார்வையைக் கெடுக்குமா?" என்று கேட்டேன்.

மருத்துவர் டெய்சியைப் பார்த்தார். அதே பார்வை. நான் டெய்சியைப் பார்த்தேன்.

"கட்டி மதினி" என்றாள் டெய்சி. அழுதுவிட்டாள். "மூளைக்குக் கீழ கட்டி. கண்ணுக்குப் போற நரம்பை அழுத்துது. புத்துநோய் இல்லை. வீட்டுல ஏற்கெனவே அவ்வளவு நடந்துச்சு, இதையும் கேட்டா தாங்கமாட்டீங்கன்னு நான்தான் டாக்டர்கிட்ட கெஞ்சினேன். அதுக்குத்தான் அண்ணனையும் வரச் சொன்னேன்."

ஆக, அவர்கள் மறைத்தது உண்மை. கொல்லையில் பேசிய போன் உண்மை. 'அவங்களுக்குத் தெரிய வேணாம்' என்று நான் கேட்டதும் உண்மை. என் கோபம் முழுக்க ஜெபஸ்டின் பக்கம் திரும்பியது. அவர், "நீ எங்களயெல்லாம் எப்படிச் சந்தேகப்பட்டுட்ட பாரு. சரி, அது மாத்திரை செஞ்ச வேலை, நான் மனசுல வச்சுக்கலை" என்றார், பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி.

"நான் மாத்திரை சாப்பிட்டுச் சந்தேகப்பட்டேன். நீங்க பஹ்ரைன்ல என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்தவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒண்ணும் சாப்பிடலை" என்றார்.

மாத்திரை இல்லாமல் விட்டால் கட்டி வளரும், கண் போகும். அதனால் மூக்கு வழியாக அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. மூக்குத் துவாரத்தின் வழியே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மயக்க மருந்து கொடுத்துவிட்டால் நான் யார் கையிலோ. என்னிடம் ஏற்கெனவே பொய் சொன்னவர்கள்தான் வாசலில் நிற்கப்போகிறார்கள். சம்மதக் கையெழுத்துக்கு முன் மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இனி எதைச் சொன்னாலும் எனக்கு முதலில் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு என் முன்னால் சொல்ல வேண்டும். அவர் என் முன்னாலேயே எல்லோரையும் கூப்பிட்டு, கண் பார்வை திரும்பாமல் போகலாம், உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு, ஆச்சரியமாக, பயம் கொஞ்சம் குறைந்தது. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்தபோது மூக்கு நிறையப் பஞ்சு. வாயால்தான் மூச்சு. தீராத தாகம், குடிக்கக் குடிக்கச் சிறுநீர். உடம்பின் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனும் அதே சுரப்பி வழியாகத்தான் வருகிறதாம். கை பட்ட அதிர்ச்சியில் அது கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்தது. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதினார். எதற்கு என்று கேட்டேன். சொன்னார். கேட்டால் சொல்கிறார்கள் என்பதே எனக்குப் புது அனுபவமாக இருந்தது.

செலவில் பெரும் பகுதியைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. மீதிக்கு ஜெபஸ்டின் அலைந்தார். மாமி தினமும் கஞ்சி கொண்டுவந்தார். நான் கேட்காமலே, தூக்குவாளியைத் திறந்ததும் ஒரு கரண்டி எடுத்து என் எதிரே தான் குடித்துவிட்டு, பிறகு எனக்கு ஊற்றினார். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். எனக்காகச் செய்தாரா, என்னைக் குத்திக்காட்டச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் 'யாரு?' என்று கேட்டதைப் பற்றி அவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பார்வை மெதுவாகத் திரும்பியது. கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். ஜோஸ்லின் மட்டும் ரொம்ப நாள் பழத்தை உரிக்கும் முன் தோலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பழத்தைத் தின்பேன். பிறகு ஒருநாள் பார்க்காமலே உரித்தாள்.

போன மாதச் சோதனையில் புரோலாக்டின் மறுபடி ஏறியிருக்கிறது. எட்டாத இடத்தில் கட்டியின் சிறு துணுக்கு ஒன்று மிச்சமிருக்கிறதாம். மருத்துவர் என்னிடம்தான் முதலில் சொன்னார். அதே கேபர்கோலினை மிகக் குறைந்த அளவில், மனநல மருத்துவரும் கூடவே கவனிக்க, முயன்று பார்க்கலாம் என்றார். "இந்தத் தடவை வீட்டுல ஒருத்தர் உங்களக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். லேசா மாறுனாலும் உடனே நிறுத்திறணும். யாரு பார்ப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

ஜெபஸ்டின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் டெய்சியின் பெயரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"மதினி, அப்ப நீங்க மொதல்ல சந்தேகப்படுறது என்னயத்தானே. உங்களுக்கு மறுபடி வந்துருச்சுன்னு நான் சொன்னா நம்புவீங்களா?"

எங்களுக்குள் இனிப் பொய் கூடாது.

"நம்பமாட்டேன்" என்றேன். "அப்பவும் சொல்லு."

அவள் எனக்கு மாத்திரை விழுங்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.